பாரிஸ் அகதிச் சமையல் விழாவில் ஓர் இரவுச் சாப்பாடு

உணவகத்தைப் பற்றி எழுதுகிறவர் முதலில் உப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கொள்கை. பாரிஸ் 11ஆம் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய பிஸ்த்ரோ உணவகத்தின் அடுப்படியை, கடந்த ஜூன் மாதத்தில் மூன்று இரவுகளுக்கு மட்டும், ஆப்கானியச் சமையற்காரர் ஒருவர் ஏற்றிருந்தார். அவருடைய மந்து என்னும் இறைச்சிப் பொட்டலத்தில் உப்பு அளவாக இருந்தது. கத்தரிக்காய் போரணியில் ஒரு கல் கூடுதல். பலா என்னும் சோற்றில் சற்றுக் குறைவு, ஆனால் அந்தக் குறைவு தெரிந்தே செய்யப்பட்டது என்பது கூட வந்த இறைச்சியைத் தொட்டதும் விளங்கியது. இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் அவர் ஓர் அகதி என்பதைச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அன்று எங்கள் மேசையில் வைத்திருந்த அட்டையில் இந்த ஒழுங்கு தலைகீழாக இருந்தது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2000 டிசம்பரில் எடுத்த தீர்மானத்தின்படி 2001 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 20 உலக அகதிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது. அந்த நாளை ஒட்டிப் பாரிஸில் நடப்பதுதான் ரெஃபியூஜி ஃபூட் பெஸ்டிவல் என்னும் அகதிச் சமையல் விழா. பல நாடுகளுக்குப் பயணம் செய்து வீட்டுச் சமையல்களைப் பதிவு செய்துவந்த லூயி மார்த்தன், மரின் மாந்திரிலா என்னும் இருவர், ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் ஆதரவோடு 2016இல் இதைத் தொடங்கினார்கள். திடலில் கூடாரம் அடிப்பதோ, மேடை போட்டுப் பேசுவதோ இதில் கிடையாது. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் உணவகங்கள் சில நாட்களுக்குத் தம் சமையலறையை அகதியாக வந்த ஒரு சமையற்காரரிடம் ஒப்படைக்கும். அல்லது வீட்டுக்காரச் செஃபும் விருந்தாளிச் செஃபும் சேர்ந்து ஒரு பட்டியலை உருவாக்குவார்கள். இந்த இரண்டாவது முறைக்கு ‘நான்கு கைச் சமையல்’ என்று பெயர். பின்னர் இவ்விழா லில், லியோன், மார்செய், ஸ்திராஸ்பூர்க் ஆகிய நகரங்களுக்கும், பிரான்சுக்கு வெளியே பிரசல்ஸ், ஏதென்ஸ், ஜெனீவா போன்ற இடங்களுக்கும் பரவியது.

இது 2016இல் தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஐரோப்பாவுக்குள் இலட்சக்கணக்கானோர் நடந்தும் படகிலும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுள் சூடான், எரித்திரியா நாட்டு இளைஞர்கள் பலர், பாரிஸ் வாழ் இலங்கைத் தமிழரான நம்மவர் ‘லாச்சப்பல்’ என்று சொல்லும் லா சப்பல் மெற்றோப் பாலத்தின் கீழேயே கூடாரம் அமைத்துத் தங்கியிருந்தார்கள். 2015 ஜூன் 2ஆம் திகதி பொலிசார் வந்து அந்தக் கூடாரங்களை அகற்றினார்கள். பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் புடைவைக் கடைகளும், நகைக் கடைகளும், கொத்துரொட்டிக் கடைகளும், ஒவ்வோர் ஆண்டும் தேர் வருகிற பிள்ளையார் கோயிலும் இருக்கின்றன. முருங்கைக்காய் வாங்க வந்த நாங்கள் அந்தக் கூடாரங்களின் ஓரமாகத்தான் நடந்து போனோம். நம்மில் சிலர் சோற்றுப் பொதி கொடுத்தார்கள் என்பதும், சிலர் ‘இவங்களால தெரு பழுதாப் போச்சு’ என்று முணுமுணுத்தார்கள் என்பதும் இரண்டுமே உண்மை. 1983க்குப் பிறகு இதே தெருக்களில் வந்து இறங்கியவர்களின் பிள்ளை என்ற முறையில் அந்த முணுமுணுப்பு எனக்கு அப்போதும் கூசியது, இப்போதும் கூசுகிறது.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். விழாவில் சேரும் உணவகங்களின் பட்டியல் முன்கூட்டியே வெளியாகும். அதில் விரும்பிய உணவகத்தைத் தேர்ந்து அந்த உணவகத்திடமே நேரடியாக இடம் பதிய வேண்டும். விலை இடத்துக்கு இடம் மாறும். நான் சென்ற உணவகம் மூன்று வகை உணவுக்கு 42 யூரோ என்று வைத்திருந்தது; குடிவகைக்குத் தனிக் கணக்கு. வழமையான நாட்களில் அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு வாங்கும் விலையும் ஏறக்குறைய இதுவே. இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். ‘அகதி சமைத்தது’ என்பதற்காக மலிவு விலையில் கொடுத்திருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். சமையற்காரருக்கு அந்த நாட்களுக்கான சம்பளம் முறையாகக் கொடுக்கப்படுகிறதா என்று பரிமாறிய பெண்ணிடம் கேட்டேன். ஆம், ஒப்பந்தம் எழுதிச் சம்பளத்தோடுதான் வேலை செய்கிறார் என்றாள். கேட்காமல் விட்டிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

முதலில் வந்தது போரணி. கத்தரிக்காயை வட்டமாக வெட்டிப் பொரித்து, தக்காளிக் குழம்பில் மெல்ல வேகவிட்டு, பூண்டு அரைத்துக் கலந்த கெட்டித் தயிரைக் கீழும் மேலும் பரப்பி, காய்ந்த புதினாவை உதிர்த்துவிடும் ஆப்கானிய வீட்டுச் சமையல் இது. கத்தரிக்காயைப் பொரித்துத் தயிரில் போடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் நாம் பச்சை மிளகாயும் தேங்காய்ப் பாலும் சேர்த்து நாக்கைச் சுறுக்கென்று எழுப்புகிற இடத்தில், அவர்கள் பூண்டையும் புதினாவையும் வைத்து அமைதியாகப் பேசுகிறார்கள். அன்று வந்த தட்டில் கத்தரிக்காய் எண்ணெய் குடித்திருக்கவில்லை. இது சின்ன விடயம் அல்ல. கத்தரிக்காயை எண்ணெய் குடிக்காமல் பொரிப்பதற்கு உப்பில் ஊறவைத்துத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் பொறுமை வேண்டும். போரணியில் கூடியிருந்த அந்த ஒரு கல் உப்பு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். தட்டோடு வந்த ரொட்டி அந்தத் தெருமுனையில் வாங்கிய சாதாரணப் பாண், அது போதாது. போரணியைத் துடைத்துச் சாப்பிடத் தந்தூரில் சுட்ட ரொட்டி வேண்டும், அல்லது அவர்களுடைய அடைத்த ரொட்டியான போலானியாவது வேண்டும்.

அடுத்தது மந்து. அன்றைய இரவின் உச்சம் இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. மெல்லிய மாவுக்குள் கொத்திய ஆட்டிறைச்சியையும், இறைச்சிக்குச் சமமான அளவு வெங்காயத்தையும் வைத்து மடித்து ஆவியில் அவித்து, அதன்மேல் தயிரையும், உடைத்த பருப்பிட்ட தக்காளிக் குழம்பையும் ஊற்றுவார்கள். மோதகத்துக்கு மாவு பிடித்துப் பழகிய கைகள் இதன் மடிப்பைப் பார்த்ததும் நின்றுவிடும். நான்கு மூலைகளையும் நடுவில் சேர்த்துக் கிள்ளி, பின்னர் எதிரெதிர் முனைகளை இணைத்து ஒரு சின்னப் பொட்டலமாக்குகிறார்கள். அன்று எனக்கு ஆறு வந்தன, ஆறிலும் மடிப்பு ஒன்றுபோல இருந்தது, ஒன்றுகூட வெடித்திருக்கவில்லை. மாவு கண்ணாடி போல உள்ளே இருப்பதைக் காட்டியதே தவிர, கரண்டி பட்டதும் கிழியவில்லை. வெங்காயம் தன் தண்ணீரை உள்ளேயே விட்டு இறைச்சியை நனைத்திருந்தது. மேலே பருப்பு, அதன்மேல் குளிர்ந்த தயிர், உள்ளே கொதிக்கும் இறைச்சி என்று ஒரே வாயில் மூன்று சூடுகள். பாரிஸில் பெயர் பெற்ற எத்தனையோ இடங்களில் மாவுப் பொட்டலங்கள் சாப்பிட்டிருக்கிறேன். இந்த ஆறும் அவற்றுள் எதற்கும் தாழ்ந்தவையல்ல.

மூன்றாவதுதான் நான்கு கைகளும் சேர்ந்த உணவு. ஆப்கானியரின் காபுலிப் பலாவும், பிரெஞ்சுக்காரர் ஏழு மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவிடும் ஆட்டுத் தொடையும் ஒரே தட்டில் வந்தன. வழக்கமாகப் பலாவில் இறைச்சி சோற்றுக்குள் புதைந்து கிடக்கும். அது வெந்த சாற்றில்தான் சோறும் வேகும். இங்கே இறைச்சி வேறு சட்டியில், வேறு கையில் வெந்ததால் சோற்றுக்குத் தனியாக எலும்புச் சாறு காய்ச்சியிருந்தார்கள். நீளமாகச் சீவிய கரட், உலர்ந்த திராட்சை, சீரகம், ஏலம், கராம்பு என எல்லாம் இருந்தன. தொடை இறைச்சியின் உப்பும் சாறும் சேரும் என்று கணக்குப் போட்டே சோற்றில் உப்பைக் குறைத்திருக்கிறார். இன்னொரு சமையற்காரருக்கு இடம் விட்டுச் சமைக்கத் தெரிந்தவர் என்று எண்ணிக்கொண்டேன்.

இன்னுமொரு நுட்பம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஆட்டுத் தொடைக்குப் பிரெஞ்சுச் சமையலில் வெள்ளை வைன் ஊற்றுவது வழக்கம். அன்று வைனுக்குப் பதிலாகப் பழுக்காத திராட்சையின் சாற்றைப் பயன்படுத்தினார்களாம். பழைய பிரெஞ்சுச் சமையலில் இந்தப் புளிப்புக்குத் தனி இடம் உண்டு. ஆப்கானியரும் பழுக்காத திராட்சையைக் காயவைத்து இடித்து அந்தத் தூளைக் குழம்புக்குப் போடுவார்கள். வைனை விலக்கியது விருந்தாளியின் மதத்துக்குக் கொடுத்த மரியாதை மட்டுமாக இருந்திருந்தால் அது ஒரு சலுகையாகவே நின்றிருக்கும். இருவருக்கும் பொதுவான ஒரு புளிப்பைத் தேடிப் பிடித்ததால் அது சமையலாகியது. ஆனாலும் தட்டு முழுமையாகச் சேரவில்லை என்றும் சொல்ல வேண்டும். இறைச்சி பஞ்சாகக் கரைந்தது, சோறு உதிரி உதிரியாக நின்றது. ஒன்று மற்றொன்றுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைப் போலத்தான் இருந்தது, ஒரே வீட்டாரைப் போல அல்ல. இனிப்பாக வந்த ஃபிர்னி என்னும் பாற்களி நன்று. ரோஜாப் பன்னீரை இன்னும் ஒரு துளி குறைத்திருக்கலாம். ஏலத் தேநீர் இலவசமாகவும் தாராளமாகவும் வந்தது.

இப்போது அந்த அட்டை. மேசைக்கு ஒன்றாக, தடித்த நல்ல காகிதத்தில் அச்சிட்டு வைத்திருந்தார்கள். அதன் முக்கால் பங்கில் சமையற்காரரின் வரலாறும், அவர் ஈரான், துருக்கி, கிரேக்கம், பால்கன் நாடுகள் வழியாகப் பாரிஸை அடைந்த பாதையும் புள்ளிக் கோட்டு வரைபடமாக இருந்தன. உணவுகளுக்குத் தலா ஒரு வரி மட்டுமே. மந்து என்றால் என்ன என்று பக்கத்து மேசையில் கேட்டார்கள், பரிமாறியவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் எந்த எல்லையை எந்த மாதத்தில் கடந்தார் என்பது மண்டபத்தில் இருந்த அனைவருக்கும் தெரியும். உரிமையாளர் வந்து வரவேற்றுப் பேசினார். சமையற்காரரைக் கதவருகே அழைத்து நிறுத்தினார். எல்லாரும் பலமாகக் கைதட்டினோம். அப்போது ஒரு தட்டுக்கூட வெளியே வந்திருக்கவில்லை.

அகதி மனுக் கொடுத்த எவருக்கும் இந்தக் கதை சொல்லலின் எடை தெரியும். நம்மவர் அதைக் ‘கேஸ்’ என்பார்கள். கேஸ் எழுதுவதற்கு ஆள் பிடித்து, அதை மொழிபெயர்த்து, ஃபோந்தனேயில் உள்ள, அகதி மனுக்களை விசாரிக்கும் ஒப்ரா அலுவலகத்தில் அதிகாரி முன் திகதி பிசகாமல் ஒப்புவிக்க வேண்டும். நிராகரித்தால் மொந்திரேயில் உள்ள நீதிமன்றத்தில் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். என் அப்பா தன் கேஸை அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. அந்த அட்டையைப் பார்த்தபோது, ஒப்ராவில் ஒருமுறை சொல்லி முடித்த கதையை இந்த மனிதர் தன் சமையல் மேசையிலும் மறுபடியும் ஒப்புவிக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் தோன்றியது. அவரே விரும்பி எழுதித் தந்திருக்கவும் கூடும். அந்த வாய்ப்பை நான் மறுக்கவில்லை. அப்படியானாலும் அட்டையின் முகப்பில் மந்துவும் பின்பக்கத்தில் வரைபடமும் இருந்திருந்தால் எவருக்கும் எந்த நட்டமும் வந்திராது.

அன்றிரவின் மிகச் சிறந்த கேள்வியைக் கேட்டவர் முன் மேசையில் தனியாக இருந்த ஒரு முதியவர். சமையற்காரர் கடைசியில் வெளியே வந்தபோது, பயணத்தைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ கேட்காமல், இவ்வளவு நீளமான அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் எப்படி வெந்தது என்று கேட்டார். அதுவரை இரண்டு கைகளையும் முன்னால் கட்டி நின்ற அந்த மனிதரின் தோள்கள் இறங்கின. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவிட வேண்டும் என்றும், முக்கால் வேக்காட்டில் வடித்துவிட வேண்டும் என்றும், பிறகு சாறு தெளித்து மூடிக்கும் சட்டிக்கும் இடையே துணி போட்டுத் தம்மில் வைக்க வேண்டும் என்றும், குறைவான பிரெஞ்சிலும் நிறைவான சைகையிலும் அவர் விளக்கினார். தம் என்ற சொல்லைக் கேட்டதும் நானும் தலையாட்டினேன்.

அவர் கதவைத் திறந்து திறந்து மூடியபோதுதான் உள்ளே கழுவுதொட்டி அருகே நின்றவரைக் கண்டேன். முகத்தைக் கண்டதும் ஊர் தெரிந்துவிடும் என்பார்களே, அது போல. பாரிஸ் உணவகங்களின் பின்கட்டில் தமிழரைக் காண்பது புதுமையல்ல. 1991 செப்டம்பர் வரை அகதி மனுக் கொடுத்தவர்களுக்கு வேலை செய்யும் அனுமதியும் கூடவே கிடைத்தது. 1985இல் வந்த என் அப்பா, வந்த மூன்றாம் வாரமே ரயில் நிலையம் ஒன்றின் அருகே இருந்த உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கினார். பிறகு அந்த அனுமதி நிறுத்தப்பட்டது; இப்போது மனுக் கொடுத்து ஆறு மாதம் கடந்த பின்னர், வேலை தருபவர் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். சட்டம் மாறியதால் கழுவுகிறவர்கள் இல்லாமல் போகவில்லை. கடுதாசி இல்லாமல் கழுவுகிறவர்கள் கூடினார்கள், அவ்வளவுதான். 2008 ஏப்ரலில் பாரிஸ் பகுதியில் ஆவணமற்ற தொழிலாளர்கள் தம் வேலைத்தலங்களிலேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களில் உணவகத் தொழிலாளர்கள் முன்னணியில் இருந்தார்கள். தங்கள் தட்டைக் கழுவியவர் யார் என்பது அன்றுதான் பல வாடிக்கையாளருக்குத் தெரிய வந்தது.

கோப்பை கழுவுகிறவரைப் பிரெஞ்சில் ‘பிளோஞ்ஜர்’ என்பார்கள். தண்ணீரில் மூழ்குகிறவருக்கும் அதே சொல்தான். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களின் கரைக்காரர் இங்கே வந்து கழுவுதொட்டியில் குளிக்கிறோம் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். சமையலறையைப் பிரெஞ்சுக்காரர் ‘குயிசின்’ என்று சொல்வதைக் கேட்டபோது, இது நம் குசினியல்லவா என்று நினைத்தாராம். பாணுக்கும் அவர்கள் சொல்லும் சொல் கிட்டத்தட்ட அதேதான். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள், மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துப் பாரிஸில் அப்பாவுக்குக் கைகொடுத்தன. வேறு மொழி தெரியாமல் வந்தவருக்கு இரண்டு சொற்கள் தெரிந்திருந்தன. இரண்டும் சாப்பாட்டுச் சொற்கள்.

கடை மூடும் நேரத்தில், கழுவுதொட்டி அருகே நின்ற அந்த அண்ணை புகைபிடிக்க வெளியே வந்தார். பேச்சுக் கொடுத்தேன். “தங்கச்சி, நான் இஞ்ச வந்து இருவத்திமூண்டு வருசம். இந்தக் குசினியில மட்டும் பதினொரு வருசம். செஃப்மார் நாலு பேர் மாறிட்டினம், இந்தத் தொட்டி மாறேல்லை,” என்றார். விருந்தாளிச் சமையற்காரரைப் பற்றிக் கேட்டேன். “அந்தப் பெடியன் நல்லவன். முதல் நாள் வந்தவுடனேயே தன்ர சட்டியைத் தானே கழுவ வெளிக்கிட்டான். நான்தான் மறிச்சனான்.” உங்களையும் இப்படிச் சமைக்கச் சொல்லிக் கேட்டால் என்ன சமைப்பீர்கள் என்றேன். அவர் சிரித்தார். “ஆர் கேக்கிறது? சனிக்கிழமையில வேலை செய்யிற ஆக்களின்ர சாப்பாட்டுக்கு நான்தான் கோழிக்கறி வைக்கிறனான். செஃப் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிடுவார். ஆனா அது மெனுவில வாறேல்லை.”

அவரும் ஒரு காலத்தில் ஒப்ராவில் கேஸ் சொல்லி அகதியாக ஏற்கப்பட்டவர். அன்றிரவு மண்டபத்தில் அகதியை வரவேற்றுக் கைதட்டிய ஒலி, கதவுக்கு அந்தப் பக்கம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அவருக்கும் கேட்டிருக்கும். உணவகத்தார் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. பதினொரு ஆண்டு ஒருவர் ஒரே இடத்தில் நிற்கிறார் என்றால் அங்கே சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறது என்றே பொருள். விருந்தாளியாக வந்த அகதி கண்ணில் பட்ட அளவுக்கு, வேலையாளாகி வீட்டோடு கலந்துவிட்ட அகதி படுவதில்லை என்பதைத்தான் சொல்கிறேன். இப்படியொரு விழாவில் சேரும் உணவகங்கள், வெளியிலிருந்து ஒருவரை அழைப்பதோடு நில்லாமல், தம் குசினியில் ஏற்கெனவே நிற்பவர்களிடமும் ஒரு தட்டுக் கேட்டுப் பார்க்கலாம். அதற்குப் பயணச் செலவுகூட இல்லை.

விழா முடிந்ததும் என்ன என்ற கேள்விக்கு, விழாவை நடத்துகிறவர்கள் பேச்சோடு நிற்கவில்லை என்பதையும் பதிய வேண்டும். 2018இல் பாரிஸிலுள்ள ‘லியோன்’ ரயில் நிலையத்தை அடுத்த, முன்பு ரயில்வேக்குச் சொந்தமான பெரிய மண்டபமாக இருந்த கிரவுண்ட் கொன்ட்ரோலில், ‘லா ரெசிதான்ஸ்’ என்ற உணவகத்தை அவர்கள் திறந்தார்கள். அகதிச் சமையற்காரர்கள் அங்கே சில மாதங்களுக்கு முறைவைத்துச் சமையலறையை நடத்தினார்கள். அங்கே சமைத்த சிரிய நாட்டவரான நபில் அத்தார் பின்னர் ஓர்லேயான் நகரில் ‘நரஞ்ச்’ என்ற சொந்த உணவகத்தைத் திறந்தார். அகதிகளுக்குச் சமையல் தொழிலையும் அதற்குத் தேவையான பிரெஞ்சு மொழியையும் சேர்த்துக் கற்பிக்கும் பயிற்சியையும் அதே அமைப்பு நடத்துகிறது. விழாவைவிட இந்த வேலையே பெரியது என்பது என் எண்ணம். விழா நாளில் கிடைக்கும் கைதட்டலைவிட, வாடகை ஒப்பந்தம் எழுதுகிறபோது பக்கத்தில் இருந்து உதவுகிறவர்தான் ஒரு சமையற்காரருக்கு வேண்டும்.

நம்மவரில் அப்படிக் கடை வைத்தவர்களைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2023இல் பாரிஸ் நகரின் சிறந்த பகெத் என்னும் நீளப் பாணுக்கான போட்டியில் முதல் பரிசு பெற்றவர் தர்சன் செல்வராஜா. 2006இல் இலங்கையிலிருந்து வந்து, வெதுப்பகத்தில் வேலை பழகி, 20ஆம் வட்டாரத்தில் கடை நடத்துகிறார். பரிசுத் தொகை 4,000 யூரோ; அத்தோடு ஓராண்டுக்கு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் அனுப்பும் உரிமையும் கிடைத்தது. அந்தப் போட்டியில் பாண்களை எண்ணிட்டுத்தான் வைப்பார்கள். செய்தவர் பெயரோ, வந்த வழியோ நடுவருக்குத் தெரியாது. நீளம், எடை, உப்பு, நிறம், மணம், சுவை என்பவைதான் கணக்கு. அட்டையைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த எண்ணிட்ட பாண்தான்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் பதியும்போதே சொல்லிவிட வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சொல்லாமல் வந்து, போரணியை இரண்டு முறை சாப்பிட்டுவிட்டுப் போனார். ஹலால் இறைச்சியா என்பதை உணவகத்திடமே கேளுங்கள், விழாவின் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். மண்டபம் சிறியது, சத்தம் அதிகம். வயதானவர்களை அழைத்துச் செல்வதானால் வெளியே போட்டிருக்கும் மேசையைக் கேட்டுப் பதியுங்கள். விழாவில் சேரும் உணவகங்களில் பெயர் பெற்ற விலை கூடிய இடங்களும் உண்டு, மதியச் சாப்பாடு மட்டும் போடும் எளிய இடங்களும் உண்டு. விருந்தாளிச் சமையற்காரர் தனியாகப் பட்டியல் போடும் இடத்தைத் தேர்ந்தால் அவருடைய கையை முழுமையாக அறியலாம். நான்கு கைச் சமையலில் சில நேரம் இரண்டு கைகள் மற்ற இரண்டையும் மறைத்துவிடும்.

இரண்டு அமர்வுகள் வைப்பார்கள்: ஏழரைக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று. முதலாவதையே பதியுங்கள். நான் பதிந்தது முதலாவது, ஆனால் கணக்கு மாறி இரண்டாவதில் இருத்தினார்கள். எனக்கு வந்த ஆறு மந்துதான் அன்றைய கடைசி. எனக்குப் பிறகு வந்த மேசைக்காரருக்கு மந்துவுக்குப் பதிலாகப் பாற்கட்டித் தட்டு வைத்தார்கள்.